ஆயாவின் போட்டோ

என் கண்ணு,

நாலு ஞாயிறாக உன் போன் இல்லை. பெர்த்தில் இப்போது நல்ல குளிராமே. மிளகுத்தண்ணி வைத்துக் குடி.

பாப்பாவின் ஞானஸ்நானப் போட்டோ பார்த்தேன். பெரம்பூர் ஆன்ட்டிதான் காட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ நிற்கிற நிற்பு, அப்படியே எஞ்சினிலிருந்து இறங்கி வருகிற டாடி. எனக்குப் பெருமைதான். அங்கே யாரோ உன் அம்மா வழி என்ன என்று கேட்டார்களாம், நீ போர்ச்சுகீஸ் என்றாயாம். ஆன்ட்டிக்குக் காது மந்தம், உனக்குத் தெரியுமே. மிளகுத்தண்ணியில் பூண்டு நாலு பல் தட்டிப் போடு.

நம் ஆங்கிலோ-இந்தியர் வந்த வழி பற்றி டாடி சொல்லும் கதை உனக்கு மனப்பாடம். சென்னைக் கோட்டையின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கத்துப் பெண்களைக் கட்டட்டும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகிற அன்று தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள் என்று 1687-இல் லண்டனிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி எழுதியது. 1791-இல் அதே கம்பெனி, அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உத்தியோகம் கிடையாது என்றது. நம் அரசியல் சட்டத்தில் ஆங்கிலோ-இந்தியர் யார் என்று சொல்லும் 366-ஆவது பிரிவும் தகப்பன் வழியைத்தான் கேட்கிறது. "உனக்கு ஒரு வராகன் பாக்கி" என்று டாடி என்னைக் கேலி செய்வார். என் தெருவில் சட்டைக்காரனைக் கட்டினவள் என்றார்கள், ரயில்வே காலனியில் நேட்டிவ் என்றார்கள். அவர் ஒரு நாளும் என்னை மறைத்ததில்லை. அவர் பிள்ளை நீ.

சரி, உன்னைச் சொல்லி என்ன. உன் புதுநன்மை அன்று என் அம்மா ராயபுரத்திலிருந்து விடியும் முன்பே வந்து, பால் கறிக்கு, அதுதான் கறி உருண்டைக் குழம்புக்கு, கொத்துக்கறி உருட்டிக்கொண்டிருந்தாள். நீ வெள்ளைச் சட்டையோடு "ஆயா" என்று ஓடிப்போய் அவள் மடியில் விழுந்தாய். நமக்கு ஆயா என்றால் பாட்டி. வந்திருந்த காலனிக்காரர்களுக்கு அது வேலைக்காரி. "நல்ல ஆயா கிடைச்சிருக்கா உங்களுக்கு" என்றார் ஒரு அம்மாள். நான் சிரித்து வைத்தேன். அம்மா கை நிறைய மசாலாவோடு கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அப்புறம் அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. டாடி டியூட்டியில் இருந்தார். அவரிடம் கடைசிவரை நான் சொல்லவில்லை. உனக்கு எட்டு வயது. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஆயா போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். மூக்குத்தி நன்றாகத் தெரிகிறது. பாப்பாவுக்குக் காட்டுவதோ பெட்டியில் வைப்பதோ உன் இஷ்டம்.

ஞாயிறு பூசை முடிந்து ஒன்பதரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். பூண்டை உரிக்காமல் தட்டிப் போடு, அப்போதுதான் வாசனை.

அம்மா