பணிநேரம் முடிந்த விமானியைத் திட்டலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்னையிலிருந்து கொழும்புக்கு வரவேண்டிய விமானம், விமானிகளுக்கு விதிப்படி அனுமதிக்கப்பட்ட பணிநேரம் முடிந்துவிட்டதென்று பல மணிநேரம் தாமதமானதைக் கண்டித்து, கடந்த ஞாயிறு இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன் மழை பெய்த இரவொன்றில் அதே சென்னை விமான நிலையத்தில் வரிசையில் நின்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். ஆயினும், "ஒன்றரை மணிநேரப் பயணத்துக்கு என்ன களைப்பு?" என்று அவர் கேட்டிருப்பதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விமானியின் பணிநேரம் விமானம் மேலெழும்பும்போது தொடங்குவதில்லை. அவர் வேலைக்கு வந்து சேர்ந்ததிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடுகிறது. மழை விடும்வரை சும்மா காத்திருக்கும் நேரமும் அதில் அடங்கும்.

என் தங்கையின் மகன் ஒரு விமான நிறுவனத்தில் துணை விமானி. வெள்ளவத்தையில் அவனுடைய அறை யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்திருக்கிறார்கள். இரவுப் பயணத்துக்கு முன் அவன் பகலில் படுக்கும் நாள்களில் தங்கை குக்கரைத் தொடமாட்டாள். பருப்பைச் சட்டியிலேயே அவிப்பாள். காலி வீதி பஸ்களின் ஹோன் சத்தத்தை அவளால் என்ன செய்ய முடியும்? நள்ளிரவில் அவன் கட்டுநாயக்கவுக்குப் புறப்படுவான். இரண்டு நாள் கழித்து ரோஸ்டர் (பணி அட்டவணை) மாறி, விடியற்காலைப் பயணம் வந்திருக்கும். படு என்றவுடன் தூங்க உடம்பு என்ன மின்விளக்கா?

அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் மனித உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்துவிடும். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தது காலை ஆறு மணியளவில்தான். தலைமை விமானி வழியில் நெடுநேரம் உறங்கியிருந்தார் என்பதையும், அவருடைய குறட்டை குரல்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்ததையும் விசாரணை அறிக்கை பதிவுசெய்கிறது. தரையிறங்காமல் மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி சொல்லியும், தூக்கக் கலக்கம் முற்றாகத் தெளியாத அவர் இறங்குவதைக் கைவிடவில்லை.

இதற்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமியுலேட்டர் என்னும் பாவனை விமானக் கருவியில் பரீட்சை, குறித்த காலத்தில் கண், காது, இதயப் பரிசோதனைகள். ஒன்றில் தவறினாலும் அன்றோடு பறக்க முடியாது. பயிற்சிக்குப் பட்ட கடனோ வீட்டில் அப்படியே இருக்கும். இந்த நிலையில் தூக்கமில்லை, மனம் சரியில்லை என்று யார் வாய் திறப்பார்? 2015இல் ஜேர்மன்விங்ஸ் என்னும் ஜேர்மனிய நிறுவனத்தின் துணை விமானி தன் மனநோயை மறைத்து, விமானத்தை வேண்டுமென்றே மலையில் மோதி, தன்னையும் சேர்த்து 150 பேரின் உயிரைப் போக்கிய பிறகுதான், உரிமம் இழப்போரின் வருமானத்துக்கும் ஏதேனும் காப்பு வேண்டும் என்று விசாரணையாளர்கள் வலியுறுத்தினார்கள்.

இந்தியாவில் விமானிகளின் வாராந்த ஓய்வு 36 மணிநேரத்திலிருந்து 48 மணிநேரமாக உயர்த்தப்பட்ட 2025ஆம் ஆண்டின் டிசம்பரில், இண்டிகோ விமான நிறுவனம் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச்செய்தபோது, விதியையே குறை சொன்னவர்கள் உண்டு. விதிக்கேற்ப ஆள்களைத் திட்டமிடாத நிர்வாகத்தின் பிழை அது என்பதே என் எண்ணம். அன்று சென்னையிலும், மாற்று விமானிகளை ஆயத்தமாக வைத்திராத நிறுவனத்திடமே நாங்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

நமது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, பணிநேர வரம்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் எளிமையாக எழுதி விமான நிலையத்தில் பயணிகள் காத்திருக்கும் இடங்களில் வைக்க வேண்டும். நிறுவனங்களும் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று மழுப்பாமல், எந்த நேரத்தில் வேலைக்கு வந்தவர்களுடைய நேரம் எப்போது முடிந்தது என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06