ஏழாவது நிமிடத்தில் நின்ற இன்ஜின்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். வீட்டில் உங்களை 'நீ' என்றே பேசிப் பழகியவன், நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் மரியாதையோடு தொடங்கியிருக்கிறேன். இது கடிதத்தின் முடிவு வரை தாங்குமா என்று தெரியவில்லை.

விளம்பரத்தை, நீங்கள் பிறர் விளம்பரங்களில் என்னென்ன குறை கண்டுபிடிப்பீர்களோ அவற்றுக்கு இடம் வைக்காமல் எழுதினேன். 1967 போன்டியாக் ஜிடிஓ கன்வெர்ட்டிபிள் (கூரையை மடக்கித் திறக்கும் கார்), 400 கன அங்குல வி8 இன்ஜின், 335 குதிரைத்திறன், நான்கு கியர் மேனுவல், அந்த ஆண்டு வெளிவந்த 9,517 கன்வெர்ட்டிபிள்களில் ஒன்று. அடையாள எண் 242 என்று தொடங்குவதால், அதே கம்பெனியின் சாதாரண லெமான்ஸ் மாடலுக்கு ஜிடிஓ வேஷம் கட்டிய வண்டி அல்ல. 1968-க்கு முந்தைய போன்டியாக் இன்ஜின் பிளாக்குகளில் வண்டியின் அடையாள எண்ணைப் பொறிப்பதில்லை என்பதால், இன்ஜின் யூனிட் எண்ணைத் தொழிற்சாலை இன்வாய்ஸோடு ஒப்பிட்டுத்தான் பிளாக் அசல் என்று காட்ட முடியும். அந்த இன்வாய்ஸின் நகல் உங்கள் பெட்டியோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. கேட்க முகமில்லாமல் மறுபடியும் பணம் கட்டி வரவழைத்தேன்.

போன வாரம் வண்டியைப் பார்க்க வந்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். இளமையில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் இதே மாதிரி வண்டி ஓட்டியவராம். தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, சேசிஸை ஓர் அங்குலம் விடாமல் தட்டிப் பார்த்தார். மிஷிகனில் குளிர்காலப் பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு, கன்வெர்ட்டிபிளின் மூடிய பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்து உள்ளிருந்தே அரிக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் வெட்டி ஒட்டிய இடத்தில் விரலை வைத்து, வெல்டிங் யாருடையது என்று கேட்டார். அண்ணன் என்றேன். அப்போது எனக்கு இருந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு ரசீதுகளைப் புரட்டியவர், ஆறு மாத இடைவெளியில் இன்ஜினை இரண்டு முறை பிரித்தது ஏன் என்று கேட்டார். "முதல் முறை ஓட்டும்போது அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார், கேம் ஷாஃப்ட் போய்விட்டது" என்றேன். எட்டு ஆண்டுகளாகச் சொல்லிப் பழகிய பதில், தடங்கலே இல்லாமல் வந்தது.

மற்றவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இந்தப் பழைய இன்ஜினில் புதுக் கேம் (வால்வுகளைத் திறக்க வைக்கும் தண்டு) போட்டால், முதல் முறை கிளப்பியதும் இருபது நிமிடம், நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்குக் குறையாமல் ஓடவிட வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் விட்டால், கீழே சுழலும் கிராங்க் தண்டிலிருந்து தெறிக்கும் ஆயில் கேமுக்குப் போதாது. 2017 அக்டோபரில் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நீங்கள் சீட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி இருந்தீர்கள், நான் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றேன். ஒன்பது ஆண்டுகள் ஊமையாகக் கிடந்த இரும்பு கத்தியது. ஏழாவது நிமிடத்தில் உங்கள் சட்டைப் பையில் போன் ஒளிர்ந்தது. ஊரில் ஏழரை மணி, அம்மா கூப்பிடும் நேரம். அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று சாவியைத் திருப்பி அணைத்தீர்கள். 'சாப்பிட்டாயா' என்று கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். (அவளிடம் ஏன் மறைத்தோம், பணம் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சித்தப்பா வீட்டிலும் இதைப் படிக்கிறார்கள்.)

பேசி முடித்ததும் மறுபடி கிளப்பி மீதி நிமிடங்களை முடித்தோம். பத்தாவது நாள் டக்டக்கென்று சத்தம் வந்தது. கழற்றி எடுத்த லிஃப்டரின் (கேமின் மேல் உட்கார்ந்து ஏறி இறங்கும் உருளை) அடிப்பக்கம், இலேசாகப் புடைத்திருக்க வேண்டியது, குழிக்கரண்டிபோல் தேய்ந்திருந்தது. அதை உங்கள் உள்ளங்கையில் வைத்து, "உங்கள் போன் பேச்சின் விலை இது" என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது பில்லை முழுவதும் நீங்களே கட்டினீர்கள். அதன் பிறகு கராஜுக்கு வருவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தீர்கள்.

அன்றிரவே அலமாரியின் கீழ்த்தட்டில் ஜிங்க் அடிட்டிவ் புட்டியைப் பார்த்தேன். சீல் உடையவில்லை. இப்போதைய கார்களுக்கான ஆயிலில் துத்தநாகம் குறைவு, இந்த மாதிரிக் கேமுக்கு அது தனியாக வேண்டும் என்று நீங்கள் மூன்று முறை சொல்லி, நீங்களே வாங்கி வைத்தது அது. ஊற்ற வேண்டியவன் நான். ஊற்றிவிட்டேன் என்று சொன்னவனும் நான். சரியான ஆயில் இருந்திருந்தால் நடுவில் சில நிமிடம் நிறுத்தியதால் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. புட்டியைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

மன்னித்துவிடு அண்ணா. ஆனால் அந்த நேரத்தில் நீயும் நிறுத்தியிருக்கக் கூடாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு நாள் அம்மாவின் போனை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன? ஆளுக்குப் பாதி என்றாய், 2019-இல் ஊருக்குக் கிளம்பும்போது கூரையின் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒழுகிக்கொண்டிருந்தது, தரைத்தகடு ஒரு பக்கம் திறந்தே கிடந்தது. மூன்று குளிர்காலம் தனியாக, ஹீட்டரைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ எதற்குக் கேட்பாய் என்பதும் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்று. அம்மாவுக்குத் தெரியும். கடைசி வருடம் நான்தான் போட்டோ அனுப்பினேன். "மேலே ஒன்றுமில்லையே, மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். பெரியவன் எங்கே உட்காருவான் என்றும் கேட்டாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்றேன்.

விற்கும் தொகையில் உன் பாதியும், அந்த இரண்டாவது பில்லின் பணமும் சேர்த்து அனுப்புகிறேன். திருப்பி அனுப்பி என்னைச் சோதிக்காதே. விளம்பரத்தில் இன்று ஒரு வரி சேர்த்தேன்: முதல் கேம் ஷாஃப்ட் உரிமையாளரின் தவறால் தேய்ந்தது. வந்தவருக்குப் போன் செய்தும் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சனிக்கிழமை வருகிறேன் என்றார்.

பத்து மணிக்கு வருகிறார். உனக்கு அப்போது ஏழரை. அவர் வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே இன்ஜினைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருப்பேன். நீ கூப்பிட்டால் அணைத்துவிட்டு எடுக்கிறேன்.

உன் தம்பி