மாப்ளே, அந்தக் கூட்டல் குறிமேல் கை வைக்காதே

அன்புள்ள மாப்ளே,

நேற்று ராத்திரி பத்தே முக்காலுக்கு ஏழு போட்டோ அனுப்பியிருந்தாய். கீழே ஒரு வரி: "மாமா, விடை மட்டும் போதும், நாளன்னைக்கு வைக்கணும்." நான் அப்போது கடையில் ஒரு ஏழரை எச்.பி. மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் வார்னிஷ். அதனால்தான் பதில் வரவில்லை என்று நினைத்திருப்பாய். கை கழுவிய பிறகும் நான் பதில் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

இங்கே எல்லோரும் பார்க்க எழுதுகிறேனே என்று கோபப்படாதே. நேற்று ராத்திரி உன்னை மாதிரி எத்தனை பேர் எந்தெந்த மாமாவுக்குப் போட்டோ அனுப்பினார்களோ, அவர்களும் படிக்கட்டும். உன் அம்மா நான் எழுதுவதைப் படிப்பதே இல்லை, பயப்படாதே.

மூன்று வாரம் பாக்கி விழுந்த கதை எனக்குத் தெரியும். வலங்கைமானில் காதுகுத்து, அப்புறம் மழை லீவு, அப்புறம் காய்ச்சல். மொத்தம் இருபத்துமூன்று கணக்கு. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் மூன்றாம் இயலில் வருகிற விகிதமுறு கோவைகள் (எக்ஸ் வைத்த பின்னங்கள்) பதினைந்து, ஒன்பதாம் வகுப்பிலேயே நீ டிமிக்கி கொடுத்த முறுடுகள் எட்டு. (முறுடு என்றால் முழுசாக வேர் எடுக்க முடியாமல் √ குறிக்குள்ளேயே நிற்கிற எண். எங்கள் காலத்தில் அதற்கு விகிதமுறா மூலங்கள் என்று பேர். முறுடு என்று உன் நோட்டில் பார்த்ததும் முற்றின முருங்கைக்காய்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆனாலும் சொல்லிப் பார்த்தால் வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.)

இருபத்துமூன்றில் நீ போட்டுப் பார்த்திருந்தது ஆறு. ஆறும் தப்பு. எனக்கு அதில் சந்தோஷம்தான், ஏனென்றால் ஆறிலும் ஒரே தப்பு. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்க்கும்போது ஒரே இடத்தில் கருகியிருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். உன் நோட்டும் அப்படித்தான். கருகியிருக்கிற இடமெல்லாம் கூட்டல், கழித்தல் குறி பக்கத்தில்.

மூன்றாவது கணக்கைப் பார். (எக்ஸ்² − 9) / (எக்ஸ்² + 5எக்ஸ் + 6). மேலே ஓர் எக்ஸ்², கீழே ஓர் எக்ஸ்². இரண்டையும் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு −9 / (5எக்ஸ் + 6) என்று எழுதி, கட்டம் வேறு போட்டிருக்கிறாய். சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள என்னைக் கேட்கவே வேண்டாம். எக்ஸ் இருக்கிற இடத்தில் 1 போடு. கணக்கில் −8/12, அதாவது −2/3. உன் விடையில் −9/11. இரண்டும் ஒன்றா?

அடிப்பது என்றால் வகுப்பது, மாப்ளே. மேலே முழுசையும் கீழே முழுசையும் ஒரே கோவையால் வகுக்க வேண்டும். கூட்டலில் தொங்கிக்கொண்டிருக்கிற ஒரு துண்டை மட்டும் பிடுங்க முடியாது. அதனால் முதல் வேலை, எல்லாவற்றையும் பெருக்கலாக மாற்றுவது. மேலே (எக்ஸ் + 3)(எக்ஸ் − 3). கீழே, பெருக்கினால் 6, கூட்டினால் 5 வருகிற ஜோடி எது? 2, 3. ஆக (எக்ஸ் + 2)(எக்ஸ் + 3). இப்போது (எக்ஸ் + 3) தாராளமாக அடிபடும். மிச்சம் (எக்ஸ் − 3) / (எக்ஸ் + 2). 1 போட்டுப் பார், −2/3 வருகிறது. ஒன்று தற்செயலாகப் பொருந்திவிடும் என்று சந்தேகம் இருந்தால் 2-ம் போட்டுப் பார்: இரண்டு பக்கமும் −1/4.

விலக்கப்பட்ட மதிப்பு கேட்டால், உங்கள் புத்தகம் சுருக்கின பிறகு பகுதியை, அதாவது கீழே இருப்பதை, பூச்சியமாக்குகிற எக்ஸ் மதிப்பைத்தான் எழுதச் சொல்கிறது. −2 என்று எழுது, மார்க் வரும். ஆனால் சுருக்குவதற்கு முந்தைய கோவையில் −3 போட்டால் மேலும் பூச்சியம், கீழும் பூச்சியம் என்பதை மனதில் வைத்துக்கொள். அடிபட்டுப்போனவன் ஊரைவிட்டே போய்விட்டான் என்று நினைத்துவிடாதே.

ஒன்பதாவது கணக்கு எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. 1/எக்ஸ் + 1/(எக்ஸ் + 3). மேலோடு மேலைக் கூட்டி, கீழோடு கீழைக் கூட்டி, 2/(2எக்ஸ் + 3) என்று முடித்துவிட்டாய். இதை நம் வயலில் வைத்துப் பார். புது மோட்டார் மூன்று மணி நேரத்தில் வயல் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சிவிடும். பழைய மோட்டாருக்கு அதைவிட மூன்று மணி நேரம் கூட, ஆறு. இரண்டும் சேர்ந்து ஓடினால் ஒரு மணி நேரத்தில் வயலில் எவ்வளவு பாயும்? 1/3 + 1/6, அதாவது பாதி. இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. உன் விடைப்படி 2/9, அதாவது நாலரை மணி நேரம். ஒரு மோட்டார் தனியாக மூன்று மணி நேரத்தில் முடிக்கிற வேலையை, துணைக்கு இன்னொன்றையும் போட்டால் நாலரை மணி நேரம் ஆகுமா? அப்படி ஒரு மோட்டாரைக் கட்டிக் கொடுத்தேன் என்றால் நீடாமங்கலத்தில் நான் கடை வைத்திருக்க முடியாது.

சரியான விடை (2எக்ஸ் + 3) / [எக்ஸ்(எக்ஸ் + 3)]. வேடிக்கை என்னவென்றால் 2எக்ஸ் + 3 உனக்கும் வந்திருக்கிறது. மேலே இருக்க வேண்டியதைக் கீழே போட்டுவிட்டாய்.

இனி முறுடு. √50 + √18 − √8 என்பதற்கு √60 என்று எழுதியிருக்கிறாய். உள்ளே இருப்பதையெல்லாம் கூட்டிக் கழித்து, மேலே ஒரே கூரையாகப் போட்டிருக்கிறாய். இதற்கு நான் வேண்டாம், தாத்தாவிடம் போ. ஒரு மா நிலத்துக்கு எத்தனை குழி என்று கேள். நூறு என்பார். ஒரு குழி என்பது பன்னிரண்டடிக் கோலால் கோலுக்குக் கோல், 144 சதுர அடி. நூறு குழி 14,400 சதுர அடி, இன்றைக்குப் பத்திரத்தில் எழுதுகிற கணக்கில் சுமார் 33 சென்ட். இருபது மா ஒரு வேலி.

ஒரு மா நிலம் சரிசதுரமாக இருந்தால் பக்கம் பத்துக் கோல், ஏனென்றால் √100 = 10. இரண்டு மா சரிசதுரமாக இருந்தால் பக்கம் என்ன? உன் வழியில் போனால் பத்தும் பத்தும் இருபது கோல். இருபது கோலுக்கு இருபது கோல் அளந்தால் நானூறு குழி, நாலு மா! பக்கத்து வயல்காரர் அரிவாளோடு வந்து நிற்பார். நிஜமான பக்கம் √200. அது √100 × √2, அதாவது 10√2, பதினாலு கோலுக்குக் கொஞ்சம் கூட. ஒரு மா சதுரத்தில் மூலைக்கு மூலை நூல் பிடித்தாலும் இதே 10√2தான் வரும். பெருக்கல் என்றால் வேருக்குள் பிரியும். கூட்டல் என்றால் பிரியவே பிரியாது. உன் கணக்கும் அப்படித்தான்: 5√2 + 3√2 − 2√2 = 6√2. பகுதியில் 3 + √2 இருந்தால் 3 − √2 ஆல் மேலும் கீழும் பெருக்கு. கீழே 9 − 2 = 7 ஆகிவிடும். அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

கும்பகோணத்துப் பிள்ளைகளை ராமானுஜன் பெயரைச் சொல்லி மிரட்டுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காது. அவரே அங்கே அரசுக் கல்லூரியில் மற்றப் பாடங்களைக் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்தவர். ஆனால் 1911-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் கேட்ட ஒரு கேள்வி உன் முறுடுக்குப் பக்கத்து வீடு. 3 என்பது √9. 9 என்பது 1 + 2×4. அந்த 4 என்பது √16, 16 என்பது 1 + 3×5. அந்த 5 என்பது √25, 25 என்பது 1 + 4×6. இப்படியே வேருக்குள் வேராகப் போய்க்கொண்டே இருக்கும். முடிவில்லாத அந்த வேர்க்கோவையின் மதிப்பு என்ன என்பதுதான் கேள்வி. யாரும் விடை அனுப்பாததால் அவரே சொன்னார்: 3. ஒவ்வொரு வேருக்குள்ளும் ஒரு கூட்டல் குறி இருக்கிறது, பார். அவர் அதைத் தொடவே இல்லை.

சரி, விடையை ஏன் அனுப்பவில்லை? ஒன்பதாவது படிக்கும்போது நானும் பாக்கிக் கணக்கைப் பக்கத்துப் பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்துத்தான் எழுதினேன். அவன் அவசரத்தில் 2√3-ல் வேரை விட்டுவிட்டு 23 என்று எழுதியிருந்தான். நானும் 23. வாத்தியார் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, "ரெண்டு பேர் வயல்லயும் வேரை மாடு மேஞ்சிட்டுதாடா?" என்றார். வகுப்பே சிரித்தது. அடி வாங்கியிருந்தால் மறந்துபோயிருக்கும்.

இன்றைக்கு இருபத்துமூன்றும் முடியாது. முடிந்த மாதிரி காட்டவும் வேண்டாம். அந்த ஆறையும் திருத்திப் போடு, முறுடில் இன்னும் இரண்டு போடு. எக்ஸ் இருக்கிற ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் எக்ஸுக்கு 1 போட்டுப் பார்த்ததைப் பென்சிலில் எழுது. நாளைக்குக் காலையில் டீச்சரிடம் நோட்டை நீட்டும்போது, "மிஸ், எட்டுதான் முடிஞ்சிருக்கு, மீதி திங்கட்கிழமை வைக்கிறேன்" என்று நீயே முதலில் சொல்லிவிடு. அவர் கேட்டு நீ சொல்வது வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் கடையை அடைத்துவிட்டு வருகிறேன். அம்மாவிடம் சொல்லி அடை மாவு அரைத்து வைக்கச் சொல். பதினேழாவது கணக்கை மட்டும் அதுவரை தொடாதே. அதைப் புத்தகத்திலிருந்து எடுத்து எழுதும்போதே வேருக்குள் ஒரு எண்ணை மாற்றி எழுதியிருக்கிறாய்.

இப்படிக்கு,
மாமா