தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை: சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியதும் சண்டை போட்டதும் யானைக்காது என்னும் பெரிய இலைக் கிழங்குச் செடியைப் பற்றித்தான். அதனால் அறிக்கையிலும் அதற்கே இடம் கூடுதல்.

வாசல் பாத்திக்குக் கடையில் வாங்கிய அலங்காரக் கிழங்குகளைச் சிலர் அவசரப்பட்டு ஆகஸ்டிலேயே நட்டார்கள். இங்கே அது குளிர்காலத்தின் கடைசி, மண்ணில் குளிர் விடவில்லை. போதாததற்கு ஆளாளுக்குத் தண்ணீர் வேறு ஊற்றினார்கள். பாதிக்கு மேல் அழுகிவிட்டன. மண் சூடேறி மழையும் தொடங்கிய பிறகு, அக்டோபரில் நட்டவை பழுதில்லாமல் வந்தன. முளை மேலே பார்க்க வேண்டும், நான்கு விரல் ஆழம், இரண்டடி இடைவெளி, நிறைய எரு, மேலே கரும்புச் சோகை மூடாக்கு, அவ்வளவுதான். இலை விட்ட பின் எவ்வளவு தண்ணீர் கொடுத்தாலும் குடிக்கும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நம்மவர்களுக்கு அதுதான் கஷ்டம்.

பின்பாத்தியில், எர்லி மார்னிங் மார்க்கெட்டில் சமையலுக்கு விற்கும் மடும்பியையே, அதாவது சேப்பங்கிழங்கையே, வாங்கி நட்டோம். அதுவும் யானைக்காதுதானே! விலை சொற்பம், இலையும் அலங்கார வகைக்கு இளைத்ததல்ல. மார்ச்சுக்குப் பிறகு இலை மஞ்சளானதும் தோண்டினோம். கிழங்கு வீடு வீடாகப் போனது. புளிக்குழம்பு வைத்தவர்கள் யாரும் செயலாளருக்கு ஒரு கிண்ணம் அனுப்பவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இரண்டு பாத்திகளையும் கலக்கக் கூடாது என்று மகளிர் உறுப்பினர்கள் பிடிவாதமாகச் சொன்னது சரி. அலங்காரத்துக்கு விற்கும் யானைக்காது வகையான அலோகேசியாவைச் சாப்பிடக் கூடாது. மடும்பியிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு. நன்றாக வேகாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அலோகேசியா இலையின் நுனி வானத்தைப் பார்க்கும், மடும்பியின் நுனி தரையைப் பார்க்கும் என்பார்கள். இளங்கன்றுகளில் இதை நம்பி இலை பறிக்க முடியாது. ஆகவே பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம். அதைப் பிடுங்கி விளையாடும் பிள்ளைகளின் பெற்றோர் கொஞ்சம் கவனிக்கவும்.

குரங்குகள் வழக்கம்போலப் பப்பாளியைத் தீர்த்துவிட்டன. மடும்பியைத் தொடவில்லை.

டர்பனில் உறைபனி இல்லாததால் குளிர்காலத்துக்காகக் கிழங்கைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள் மட்டும், பனிக்கு முன்பே எடுத்து உலர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த ஆண்டு வாசல் பாத்திக்கும் மார்க்கெட் மடும்பியே போதும் என்பது என் கருத்து. செயற்குழுவில் இருவர் கறுப்பு இலை வகைதான் வேண்டும் என்கிறார்கள். இன்றே வாக்கெடுத்துவிடலாம். விதைக்குப் பக்கக் கிழங்கு வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்; பை சங்கம் தராது.

இப்படிக்கு,
செயலாளர்