பங்குனியில எரியப் போறதுக்கு தையிலயே பேசிருவோம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பேரையூர் தாலுகாவுல மேக்கு மலையடிவாரத்துல கொஞ்சம் மாந்தோப்பு வச்சுப் பொழைக்கிறவன். வாசல்ல நின்னா சதுரகிரி மலைதான் கண்ணுக்கு முன்னாடி. வருசா வருசம் மாசி பொறந்தா அதுல எங்கிட்டாச்சும் புகை தெரியும், உங்க பேப்பர்லயும் ஒரு ஓரமா மலையில தீன்னு ஒரு நியூஸ் வரும், அதோட அதை மறந்துருவோம். இந்த வருசம் புகை வர்றதுக்கு முன்னாடியே எழுதிரலாம்னுதான் இந்த லெட்டர்.

போன பங்குனியில ஒரு நாள், சாயங்காலம் நாலு மணி இருக்கும், ஆடு மேய்க்கப் போன பையன் ஓடியாந்து மாமா மேல புகையுதுன்னான். நாங்க என்ன செஞ்சோம்னு கேளுங்க, மொட்டைமாடில ஏறி நின்னு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சோம். நெசமாத்தான் சொல்றேன். தீ மேல பாத்துல்ல ஏறுது, நம்ம பக்கம் வராதுப்பான்னு பெரியாளுகளே சொன்னாய்ங்க, நானும் அதையேதான் சொன்னேன், சோத்தத் தின்னுட்டுப் படுத்தாச்சு. ராத்திரி பதினோரு மணிக்கு கண்ணு கரிக்குதேன்னு எந்திரிச்சுப் பாத்தா ஒடைக்கு அந்தப் பக்கம் தீ வந்து நிக்கிது.

ரெண்டு வரிசை மாமரம், சொட்டுநீர் பைப்பு அம்புட்டும், எங்க சித்தப்பாவோட வைக்கப்படப்பு, எல்லாம் போச்சு. மாட்டை அவுத்து விட்டதால மாடு தப்புச்சு.

அப்புறமாத்தான் காட்டைக் காவல் காக்குற ஃபாரஸ்ட் வாட்சர் அண்ணன் ஒருத்தர் வெளக்கிச் சொன்னாரு. பகல்ல வெயிலுக்கு சரிவு சூடாகி காத்து கீழருந்து மேல ஏறுமாம், தீயும் கூடவே ஏறும். பொழுது சாஞ்சு குளுந்துருச்சுன்னா அதே காத்து மேலருந்து எறங்க ஆரம்பிச்சிரும், தீயும் மெல்ல மெல்ல சருகப் புடிச்சுக்கிட்டே எறங்கும், போதாததுக்கு எரியிற கட்டை வேற உருண்டு வந்து கீழ புதுசா பத்த வைக்கும். சின்ன வயசுலருந்து ராத்திரி மலைக்காத்து வாங்கித்தான் நாங்க வாசல்ல தூங்குறோம், ஆனா தீயும் அதே காத்துலதான் வரும்னு ஒருத்தருக்கும் தோணல பாருங்க.

மேட்டுல தீ ஓடுற வேகமும் அப்புடித்தான், சரிவு 10 டிகிரி கூடுனா வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும்னு ஒரு கணக்கு இருக்கு. 2018 மார்ச் 11ல தேனி மாவட்டத்து குரங்கணி மலையில காட்டுத்தீயில 23 உசுரு போச்சே, இங்கருந்து அது ஒண்ணும் தூரமில்ல, வெந்தவங்கள்ல நெறைய பேர மதுரைக்குத்தான் கொண்டு வந்தாங்க. குரங்கணியில மொதல்ல ஓடிப்போய் தூக்குனது ஊர்க்காரங்கதான்கிறத யாரும் மறக்கக் கூடாது. காஞ்ச புல்லுல தீ வந்தா மேட்டுல ஏறி ஓடி ஜெயிக்கவே முடியாது, மொட்டைப்பாறை, மணல் ஓடை, ஏற்கனவே எரிஞ்சு கரியான எடம், இதுல எது பக்கமோ அங்க போயிரணும். சதுரகிரிக்கு அமாவாசை பௌர்ணமிக்கு இம்புட்டு சனம் ஏறுது, இதை அடிவாரத்துல ஒரு மைக்குல சொன்னா என்ன, பிளாஸ்டிக் போடாதீங்கன்னு சொல்ற நேரத்துல இதையும் சொல்லலாம்ல.

அன்னைக்கு ராத்திரி போன் போட்ட கதையும் சொல்லணும். நான்தான் 101க்கு அடிச்சேன். எடுத்தவரு நல்லாத்தான் பேசுனாரு, எந்த எடம், வண்டி எது வரைக்கும் வரும், பட்டா நெலமா ஃபாரஸ்டான்னு கேட்டாரு. எங்களுக்கு அந்தச் சரிவோட பேரு தெரியும், அந்தப் பேரு எங்க ஊருக்காரனத் தவிர ஒரு பயலுக்கும் தெரியாது, மேப்புலயும் கெடையாது. அந்தப் பாறைக்கு இந்தப் பக்கம், இந்தப் புளியமரத்துக்கு அந்தப் பக்கம்னு ஒளறிக்கிட்டு இருந்தேன். வண்டி வந்துச்சு, ஆனா ஒடையோட பாதை முடிஞ்சிருச்சு, அதுக்கு மேல லாரி எப்புடி ஏறும். கடைசியில அடிச்சு அணைச்சது நாலு வாட்சருகளும் எங்க ஊர்ப் பயலுகளும்தான், கையில பச்சைக் கொப்பு, கால்ல ரப்பர் செருப்பு, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி. அவிங்களுக்கு ஒரு நல்ல பூட்ஸ் வாங்கிக் குடுக்கக்கூடவா இந்த நாட்டுல காசில்ல.

சேட்டிலைட்டே தீயைக் கண்டுபுடிச்சிருதுன்னு சொல்றாய்ங்க, உண்மைதான், டேராடூன்ல இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனத்துல நம்பரப் பதிஞ்சு வச்சா எஸ்எம்எஸ்ஸே வரும், நானும் பதிஞ்சிருக்கேன். ஆனா அது நம்ம தலைக்கு மேல ஒரு நாளைக்கு சில தடவைதான போகுது, சாயங்காலம் புடிச்ச தீயை அது பாக்குறதுக்குள்ள ஆடு மேய்க்கிற பையன் பாத்துருவான். அந்தப் பையன் யாருகிட்டச் சொல்லணும்கிறதுதான் இங்க கேள்வி. மூங்கில் ஒரசி தீப்புடிச்சிருச்சுன்னு இன்னமும் பேசுறவங்க இருக்காங்க, அதெல்லாம் சும்மா. பீடித்துண்டு, தேன் எடுக்கப் போனவன் விட்டுட்டு வந்த கொள்ளி, புதுப்புல் மொளைக்கட்டும்னு தீ வைக்கிறது, தோப்புச் சருகைக் கூட்டி எரிச்சிட்டு வீட்டுக்குப் போறது, இந்தக் கடைசித் தப்ப நானே செஞ்சிருக்கேன்.

வர்ற ஜனவரி 26 கிராம சபை இருக்கு. ரோடு, லைட்டு, தண்ணித் தொட்டின்னு பேசுவோம், அதோட மலைத்தீயையும் ஒரு பொருளாச் சேக்கணும்னு மலையடிவாரத்து ஊர் எல்லாத்தையும் கேட்டுக்கிறேன். தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாம இருக்க புல்லு சருகு இல்லாம நீளமா சுத்தம் பண்ணி விடுற பட்டை, அதப் போடுறத ஃபாரஸ்ட்காரங்க மாசிக்கு முன்னாடி முடிக்கணும், காட்டுக்குள்ள அது அவங்க வேலை, நம்ம பட்டா ஓரத்துல சருகு வாரி சுத்தம் பண்ணி வைக்கிறது நம்ம வேலை, பாதைப் பொறம்போக்குக்கு நூறு நாள் வேலை ஆளுகள விடலாம். சரிவுக்கெல்லாம் நாம கூப்புடுற பேரையும் அதோட மேப் லொக்கேசனையும் ஒரு பேப்பர்ல எழுதி 101, 112, கலெக்டர் ஆஃபீஸ் 1077, ரேஞ்சர் நம்பர் எல்லாத்தோடயும் ரேசன் கடைச் செவுத்துல ஒட்டி வச்சாப் போதும், என்ன மாதிரி ஒளற வேண்டியதில்ல. டவர் கெடைக்காத எடத்துக்கு கோயில் மைக்செட்டு இருக்கு. நடக்க முடியாத கெழடு கட்டைக எந்தெந்த வீட்டுல இருக்கு, யாரு தூக்குறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்கணும்.

தண்ணி விசயம் ஒண்ணு இருக்கு. தீ கிட்ட வந்தா கரண்ட்ட நிப்பாட்டிருவாங்க, போர் மோட்டார் ஓடாது, அன்னைக்கு எங்களுக்கு அதுதான் ஆச்சு. அதனால மாசியிலருந்து சாயங்காலமானா தொட்டியை ரொப்பி வச்சிரணும். மாமரத்துக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரும் டிராக்டர் டேங்கும் ஊருக்குள்ள எத்தனை பேருகிட்ட இருக்கு, லாரி ஏறாத பாதையில அது ஏறும் (மருந்து வாடை போகக் கழுவி வைங்க, இல்லாட்டி மருந்து கலந்த புகையச் சுவாசிக்கவா). எங்கது ரெடியா நிக்கிது. டிராக்டர் சாவி வாசல் நிலையில ஆணியில தொங்குது, நான் ஊர்ல இல்லாட்டியும் யாரு வேணா எடுத்துட்டுப் போகலாம்னு வீட்டுல சொல்லிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு மாந்தோப்பு விவசாயி,
பேரையூர் தாலுகா, மதுரை மாவட்டம்.