உங்கள் நாலு பேர் சீரீஸ் பற்றி

செம்பூர், மும்பை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பார்க்கச் சொன்ன அமெரிக்க காமெடி சீரீஸ் சைன்ஃபெல்டின் நான்காவது சீசனைப் பார்த்து முடித்துவிட்டேன். சென்னையில் உங்கள் கதையைக் கேட்ட கம்பெனி, கொலையோ காதலோ ஒன்றைச் சேர்த்தால்தான் எடுப்போம் என்று சொன்னதாக நீ போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்கு அதே யோசனைதான். போனில் இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

1992 செப்டம்பரில் வந்த 'தி பிட்ச்' எபிசோடில் என்பிசி என்ற அமெரிக்க டிவி கம்பெனிக்காரர்கள் காமெடியன் ஜெர்ரியிடம் ஒரு தொடர் கேட்கிறார்கள். ஜெர்ரி சைன்ஃபெல்ட் தன் பெயரிலேயே நடிக்கிற பாத்திரம் அது. அவனும் அவன் நண்பன் ஜார்ஜும் காபி ஷாப்பில் உட்கார்ந்து சல்சாவைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு நடுவில் ஜார்ஜ், இதுதான் ஷோ, இப்படிப் பேசிக்கொண்டிருப்பதுதான் என்கிறான். எனக்கு உடனே நம் பில்டிங் மாடிப்படியில் நீங்கள் நாலு பேரும் உட்கார்ந்து பேசியதுதான் ஞாபகம் வந்தது. ஆனால் என்பிசி ஆபீசில் ஜார்ஜ், எதுவுமே நடக்காது என்று அடம்பிடிக்கிறான். அப்புறம் நான் ஏன் பார்க்க வேண்டும் என்று அதிகாரி கேட்கிறார். டிவியில் வருகிறதே என்கிறான் இவன். இன்னும் வரவில்லையே என்கிறார் அவர்.

அந்த அதிகாரி கேட்டது நியாயமான கேள்வி, பாப்பா. அதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். நிஜத்தில் சைன்ஃபெல்டும் அவரோடு சேர்ந்து இந்தத் தொடரை உருவாக்கிய லாரி டேவிட்டும் என்பிசியிடம் போனபோது, ஒன்றுமில்லாததைப் பற்றி ஒரு ஷோ என்று சொல்லவே இல்லை. ஒரு காமெடியனுக்கு ஜோக் எங்கிருந்து கிடைக்கிறது என்று காட்டுகிறோம் என்றுதான் சொன்னார்களாம். சைன்ஃபெல்டே பின்னால் இதைச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் பதில் என்ன? என்னைக் கேட்டால், மும்பையில் பிறந்து வளர்ந்த நாலு தமிழ்ப் பிள்ளைகள் வீட்டில் ஒரு பாஷை, லிஃப்டில் ஒரு பாஷை, லோக்கல் ட்ரெயினில் இன்னொரு பாஷை என்று எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான். தண்ணீர் வரும் நேரத்தில் செகரெட்டரி பம்ப் ரூம் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவார். மூன்றாவது மாடிப் பாட்டி ஜன்னலில் நின்று, "பானி வந்துடுச்சா, பால்டி வைக்கட்டுமா?" என்று கத்துவாள். நீ கீழேயிருந்து மராத்தியில் வாட்ச்மேனை விரட்டுவாய், அதே மூச்சில் பாட்டிக்குத் தமிழில் பதில் சொல்வாய். சாவி கிடைப்பதற்குள் பார்க்கிங் சண்டை ஒன்று முளைத்திருக்கும். இதில் கொலை எதற்கு? அரை மணி நேரத்துக்குத் தேவையான கதை அந்தச் சாவியிலேயே இருக்கிறது.

அதற்காகக் கம்பெனி சொல்கிற எதையும் கேட்காதே என்று நான் சொல்லவில்லை. 1989 ஜூலையில் வந்த அவர்களுடைய முதல் எபிசோடில் ஜெர்ரியின் தோழி எலெய்ன் கிடையாது. பெண் பாத்திரம் ஒன்று வேண்டும் என்று என்பிசி சொன்ன பிறகுதான் எலெய்னாக நடிக்க ஜூலியா லூயி டிரைஃபஸ் வந்தார். அவர் இல்லாமல் அந்தத் தொடரை இன்று நினைத்துப் பார்க்க முடியுமா? அதே சமயம், முழுக்கச் சைனீஸ் ரெஸ்டாரண்டில் டேபிளுக்குக் காத்திருக்கிற எபிசோடில் கதையே இல்லை என்று என்பிசி முகம் சுளித்தபோது லாரி டேவிட் விட்டுக்கொடுக்கவில்லை. 1991இல் அது அப்படியே வந்தது. ஆளைச் சேர்க்கச் சொன்னால் யோசித்துப் பார், மூச்சை மாற்றச் சொன்னால் முடியாது என்று சொல்.

முதல் எபிசோடைச் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது வீக் என்றுதான் ரிப்போர்ட் வந்தது. ரிக் லட்வின் என்ற என்பிசி அதிகாரி, தன் ஸ்பெஷல் நிகழ்ச்சிகளுக்கான பணத்திலிருந்து இன்னும் 4 எபிசோடுகளுக்கு வழி பண்ணினார். அப்படித் தப்பித்த தொடர் 1998 வரை, 9 சீசன் ஓடியது. உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைக்க வேண்டும் என்று சேடா நகர் முருகனிடம் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள், நானும்தான்.

அடுத்து பண விஷயம். அந்த சீசனில் ஜார்ஜ், என்பிசி தருவதாகச் சொன்ன 13,000 டாலர் போதாது என்று மறுத்துவிட்டு, கடைசியில் 8,000க்கு ஒத்துக்கொள்கிறான். அவன் தன்னை ஒப்பிட்டுப் பார்த்தது அப்போதைய பெரிய டிவி நடிகர் டெட் டான்சனோடு! நீங்கள் அப்படி யாரோடும் ஒப்பிட்டு உட்கார வேண்டாம். இன்னொன்று, ஜெர்ரியின் பக்கத்து வீட்டுக்காரன் கிரேமர், அவர்கள் எழுதும் ஷோவில் தன் வேடத்தைத் தானே நடிப்பேன் என்கிறான், ஜெர்ரி கூடாது என்கிறான். உங்கள் நாலு பேரிலும் யார் எழுதுவது, யார் நடிப்பது, யார் பெயர் எங்கே வரும், பணம் எப்படிப் பிரியும் என்பதைக் கம்பெனி முன்னால் போய் உட்காருவதற்கு முன்பே பேசி, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். சின்ன வயதிலிருந்து சேர்ந்து வளர்ந்தவர்கள், எழுதிக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பரவாயில்லை, அப்பா சொன்னார் என்று என் மேல் பழியைப் போடு.

கம்பெனி கொடுக்கிற அக்ரிமெண்டை எனக்கு ஒரு காப்பி அனுப்பு, நம் வக்கீலிடம் காட்டுகிறேன். முதல் எபிசோட் ஸ்கிரிப்டும் வேண்டும். செகரெட்டரி பேச்சை நீ மென்மையாக எழுதியிருப்பாய், அவர் எப்படித் திட்டுவார் என்று எனக்குத்தான் சரியாகத் தெரியும்.

அன்புடன்,
அப்பா