பாட்டியின் வெட்டுச் சட்டை

சுங்கை சிப்புட், பேராக்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீயும் வேளாவேளைக்குப் பசியாறி நலமாக இருக்க மாரியம்மன் துணை நிற்க வேண்டும்.

நீ அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் பெண்களைப் பற்றிய நடனத்துக்காக நீ தைக்கும் பன்னிரண்டு உடைகளிலும் தையல் நேராக இருக்கிறது, துணியின் தேர்வும் நன்றாக இருக்கிறது. கோலாலம்பூரில் ஒரு மேடை நம் தோட்டத்துப் பெண்களை நினைக்கிறது என்பதும், அவர்களுக்கு உடை தைப்பவள் என் மகள் என்பதும் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி தருகிறது என்பதைச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கறைகளைப் பற்றி உன்னிடம் பேசியாக வேண்டும். தொலைபேசியில் சொன்னால் அவசரத்தில் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

பால்கறை என்று வெள்ளைச் சாயத்தை முதுகிலும் தோளிலும் தெளித்திருக்கிறாய். பால் மங்குக் கிண்ணத்தில் இருக்கும்போதுதான் வெள்ளை. துணியில் பட்டுக் காய்ந்த பால் முதலில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நாளாக நாளாகக் கறுத்துவிடும். எத்தனை முறை துவைத்தாலும் போகாது. ஒரு கறையின் மேல் இன்னொரு கறை ஏறி ஏறித் துணியே தோல்போல விறைத்துவிடும். முதுகில் பால் படுவதற்கு வழியே இல்லை. உன் பாட்டி விடியுமுன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போவார். குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஒவ்வொரு மரத்திலும் முந்தைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து இடுப்புப் பையில் போட்டுவிட்டு, உளியை வைத்து, மரத்தை ஒட்டியபடியே பக்கவாட்டில் நகர்ந்து வெட்டுவார். பிசுபிசுக்கும் விரல்களை வலது தொடைப்பக்கத்துக் கைலியில் துடைத்துக்கொள்வார். மங்குப் பாலை வாளியில் கவிழ்த்து வழிக்கும்போது முன்கையில் வழியும். காண்டாக் கம்பில் தொங்கும் வாளியைத் தோளில் தூக்கி நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே தெறிக்கும். கறை இருக்கும் இடங்கள் இவைதான். பாட்டியின் உடல் எங்கே வளைந்தது, கை எங்கே போய் வந்தது என்பதை அந்தக் கறையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆடுகின்ற பெண்ணின் கை தொடைக்குப் போகும்போது அங்கே கறை இல்லையென்றால், அந்த அசைவுக்கும் உடைக்கும் தொடர்பே இல்லாமல் போய்விடும்.

சட்டையின் வெட்டையும் பார். பாட்டி போட்டது தாத்தாவின் பழைய முழுக்கைச் சட்டை. உயரத்து வெட்டுக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்கினால் அக்குள் கிழிந்துவிடும் என்று, அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டுத் துணியை அவரே கைத்தையலில் சேர்த்திருந்தார். தையல் பழகாத அவர் தேவை சொல்லிக்கொடுத்தபடி செய்துகொண்டது அது. பிற்காலத்தில் நான் நடன உடைகளுக்கு ரவிக்கை தைக்கத் தொடங்கியபோது, கை தூக்கினால் ரவிக்கை மேலேறும் சிக்கலை அந்தத் துண்டை நினைத்துத்தான் தீர்த்தேன். உன் பன்னிரண்டு சட்டைகளிலும் அதைச் சேர்த்துவிடு. ஆடுபவர்களுக்கும் வசதியாக இருக்கும்.

நகரத்துக் கலையை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்காதே. நீ என்னைப் பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளிக்கு அழைத்துப் போனதையும், சூத்ரா நடனக் குழுவின் ஒடிசி நடனத்துக்கு அழைத்துப் போனதையும் நான் மறக்கவில்லை. பரதத்தின் பொன் நகையைப் பார்த்துப் பழகிய எனக்கு, ஒடிசியின் வெள்ளி நகையும் தலையில் சூடும் வெண்ணிற நெட்டி வேலைப்பாடும் முற்றிலும் புதியவை. 1983இல் அந்தக் குழுவைத் தொடங்கிய ரம்லி இப்ராஹிம் மலாய்க்காரர். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது. தனக்குப் பிடித்த கலையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள அதற்குள் போய் உட்கார்ந்து பல ஆண்டுகள் கற்க வேண்டும் என்பதற்கு அவரைவிட நல்ல சான்று நம் நாட்டில் எனக்குத் தெரியாது. செந்தூலில் நீ காட்டிய அரங்கமும் அப்படித்தான் என் மனத்தில் நிற்கிறது. பழைய ரயில்வே கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், 2005இல் அதையே நாடக அரங்காகத் திறந்திருக்கிறார்கள். ரயில்வே பட்டறையை நம்பி எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த ஊர் அது. அந்தப் பழைய செங்கல் சுவரை நான் தொட்டுப் பார்த்தபோது நீ படம் எடுத்தாயே.

தோட்டத்திலும் மேடை இருந்தது, அம்மா. கோவில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். அட்டையில் கிரீடம் வெட்டி, பொன் காகிதம் ஒட்டி, கண்ணாடித் துண்டு பதித்துக் கொடுப்பவர்கள் பகலில் மரம் வெட்டியவர்கள்தாம். கேஸ் விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்ணாடி மின்னுவதைப் பார்த்துத்தான் எனக்குத் தையலில் ஆசை வந்தது. கித்தா என்னும் பால்மரங்களை அழித்துச் செம்பனை போட்டார்கள், லயத்து வீடுகள் காலியாயின, சனங்கள் நகரோரத்து அடுக்குமாடிகளுக்குப் போனார்கள், கூத்தும் நின்றுபோனது. உன் நடனத்தை அதன் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன். அதனால்தான் ஒரு கறைக்காக இவ்வளவு எழுதுகிறேன்.

புதுமையாகச் செய்வதற்கும் நீ தயங்க வேண்டியதில்லை. பரதத்துக்கே உரியது என்று இன்று எல்லாரும் நினைக்கும் விசிறி மடிப்பு உடை, 1935இல் முதன்முதலாக மேடையேறிய ருக்மிணி தேவியின் காலத்தில்தான் உருப்பெற்றது; அதற்கு முன் ஆடியவர்கள் கட்டியது வேறு விதம். அரைமண்டியில் உட்காரும்போது மடிப்பு விரிய வேண்டும், எழும்போது மூட வேண்டும் என்று உடலைப் பார்த்துச் செய்ததால்தான் அது நிலைத்தது.

இன்னொன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நடனக் குழுவுக்காக நாற்பது உடைகளை இரவு பகலாகத் தைத்துக் கொடுத்தேன். நிகழ்ச்சி ஏட்டில் விளக்குப் பிடித்தவர், திரை இழுத்தவர் பெயரெல்லாம் இருந்தது. என் பெயர் இல்லை. கூலி முழுதாக வந்தது, ஆனாலும் அன்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு அழுகை. உன்னுடன் அமர்ந்து தைக்கும் அந்த இரண்டு பெண்களின் பெயரும் அச்சில் வர வேண்டும். இதை நீ கேட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பாட்டியின் சட்டையையும் கைலியையும் பொட்டலமாகக் கட்டி நாளைக் காலையில் தபாலில் அனுப்புகிறேன். சட்டையைப் பிரிக்காதே, துவைக்கவும் வேண்டாம். வெள்ளைத் தாளின் மேல் விரித்து அளவெடுத்து, கறையின் ஓரங்களைப் பென்சிலால் வரைந்துகொள். புளித்த பால் வாடை இன்னும் கொஞ்சம் இருக்கும். சன்னலைத் திறந்து வைத்துக்கொள். தீபாவளிக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா.

நிகழ்ச்சிக்கு அப்பாவும் நானும் ரயிலில் வருகிறோம். எங்களுக்கு முன்வரிசையில் இடம் எடுத்து வை. அக்குள் துண்டு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உன் அம்மா